எதைவிடப் பெரியது?

லத்தீனில் ‘பெரிய’ என்பதற்கு மாக்னுஸ். ‘மிகப் பெரிய’ என்பதற்கு மாக்ஸிமுஸ். இரண்டுக்கும் நடுவில் மையோர் என்று ஒரு சொல் உண்டு. ஒன்றைக் காட்டிலும் இன்னொன்று பெரியது என்று சொல்லுமிடத்தில் அது வரும். அகராதியில் இதற்கு மேல் அதிகம் கிடைக்காது. ஆனால் லத்தீனைத் தட்டுத் தடுமாறி வாசிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து என்னை அடிக்கடி நிறுத்தி யோசிக்க வைப்பது இந்தச் சொல்தான். மாக்ஸிமுஸ் வந்தால் ‘சரி, ரொம்பப் பெரியது’ என்று மேலே போய்விடலாம். மையோர் வந்தால் ‘எதைவிட?’ என்று கேட்டே ஆக வேண்டும். சில வாக்கியங்களில் விடை பக்கத்திலேயே நிற்கும். சிலவற்றில் நாலு வரி தள்ளி இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்படி விடை இல்லாத வாக்கியங்களில்தான் இந்தச் சொல்லின் முழு பலமும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லின் உருவம். தமிழில் ஒப்புமைக்கென்று பெயரடைக்குத் தனி வடிவம் கிடையாது. ‘தம்பியைவிட அண்ணன் உயரம்’ என்கிறோம். உயரம் என்ற சொல் அப்படியே இருக்கிறது, ஒப்பிடும் வேலையை ‘விட’ பார்த்துக்கொள்கிறது. லத்தீனில் சொல்லின் வாலே மாறும். ஆல்துஸ் என்றால் உயர்ந்த, ஆல்தியோர் என்றால் இன்னும் உயர்ந்த. லோங்குஸ் என்றால் நீண்ட, லோங்கியோர் என்றால் இன்னும் நீண்ட. இந்த விகுதிதான் மாக்னுஸின் வேரான ‘மக்’ என்பதோடு சேர்ந்து, நடுவிலிருந்த ககரம் கரைந்து, மையோர் ஆனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மையோர். இரண்டிலும் சேராத மூன்றாம் பாலுக்கு மையுஸ். அந்த மையுஸின் கடைசியில் நிற்கும் ‘ஸ்’தான் பழைய ஒலி. இரண்டு உயிருக்கு நடுவே வந்த ‘ஸ்’ லத்தீனில் ஒரு காலத்தில் ‘ர்’ ஆகிவிட்டது. வேற்றுமை ஏறிய வடிவங்களில் இப்படித் தோன்றிய ‘ர்’ பிறகு எழுவாய்க்கும் பரவி மையோர் என்று நிலைத்தது. நடுவிலுள்ள யகர ஒலியை ரோமர்கள் இரட்டித்து உச்சரித்தார்கள். இந்த மாதிரிச் சொற்களில் அந்த எழுத்தை இரண்டு முறை எழுதுவதையே ரோமின் பெரும் பேச்சாளரான சிசரோ விரும்பினார் என்று, பேச்சுக்கலை ஆசிரியரான குவின்டிலியன் குறித்து வைத்திருக்கிறார்.

இதே விகுதி சமஸ்கிருதத்தில் ‘ஈயஸ்’ என்று வரும். ‘அணோரணீயான் மஹதோ மஹீயான்’ என்ற கட உபநிடத வரி நம்மில் பலர் காதில் விழுந்திருக்கும். சிறியதைவிடச் சிறியது, பெரியதைவிடப் பெரியது என்று பொருள். அந்த மஹீயானும் லத்தீன் மையோரும் ஒரே வேரிலிருந்து ஒரே விகுதியோடு பிறந்த உறவுக்காரர்கள். இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து உச்சரித்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வரியில் ‘மஹதோ’ என்பது ஐந்தாம் வேற்றுமை. லத்தீனிலும் அதற்கு இணையான ஒரு வழி உண்டு. ‘சகோதரனைவிடப் பெரியவன்’ என்று சொல்ல, க்வாம் என்ற இடைச்சொல்லைப் போட்டு ‘மையோர் க்வாம் ஃப்ராதெர்’ என்று சொல்லலாம். க்வாம் இல்லாமல், சகோதரனை நீங்கல் காட்டும் வேற்றுமையில் வைத்து ‘மையோர் ஃப்ராத்ரே’ என்றும் சொல்லலாம். லத்தீன் கற்க வருகிற ஆங்கிலேய மாணவனுக்கு இந்த இரண்டாவது வழி புதிராக இருக்கும். ‘இலிருந்து’ என்று விலகலைக் காட்டும் உருபுக்கு ஒப்பீட்டில் என்ன வேலை என்று திகைப்பான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அந்தத் திகைப்பு வராது. ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்று உருபு சொல்லி, நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் பொருள் வகுத்திருக்கிறது. ‘மலையின் வீழ் அருவி’யில் நீங்கல். ‘காக்கையிற் கரிது களம்பழம்’ என்பதில் ஒப்பு. ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்று குறுந்தொகைத் தலைவி தன் நட்பை அளப்பதும், காலத்தில் செய்த உதவி ‘ஞாலத்தின் மாணப் பெரிது’ என்று வள்ளுவர் சொல்வதும் இந்த உருபை வைத்துத்தான். ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு பொருள் எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஒப்பிடுதல் என இரண்டு வேறு மொழிக் குடும்பங்கள் நினைத்திருக்கின்றன.

லத்தீனில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. இரண்டு பேருக்குள் என்றால் மையோர், அதற்கு மேல் ஆள் இருந்தால் மாக்ஸிமுஸ். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி, பிளினி மையோர். அவருடைய சகோதரி மகனும் தத்துப்பிள்ளையுமான பிளினி, மினோர், அதாவது இருவரில் சிறியவர். ஹானிபாலை வென்ற ஸ்கிப்பியோ மையோர், பிற்பாடு கார்த்தேஜை அழித்தவர் மினோர். சிசரோ முதுமையைப் பற்றி எழுதிய உரையாடலுக்குக் காத்தோ மையோர் என்றே ஒரு பெயர் உண்டு. இங்கெல்லாம் உருவத்தின் அளவைப் பற்றிய பேச்சே இல்லை, வயது பற்றியது. முழுதாகச் சொன்னால் மையோர் நாது, ‘பிறப்பால் பெரியவர்’. பெரியப்பா, பெரியம்மா என்று அழைக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பன்மையில் மையோரேஸ் என்றால் முன்னோர். எதைவிட மூத்தவர்கள்? நம்மைவிட. அந்த ‘நம்மைவிட’ எழுதப்படுவதில்லை. பேசுகிறவன் தன்னையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறான். ‘மோஸ் மையோரும்’ என்ற தொடருக்கு முன்னோர்களின் வழக்கம் என்று பொருள். அது ரோமானிய அரசியலில் எழுதாத சட்டமாகவே இருந்தது. ஒரு புது ஏற்பாட்டைத் தடுக்க நினைத்த செனட் உறுப்பினர் அந்த இரண்டு சொற்களை எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ரோமின் பெரிய குடும்பங்கள் இறந்தவர்களின் முக அச்சுகளை வீட்டில் வைத்திருந்ததையும், சாவு ஊர்வலத்தில் உயிரோடு இருப்பவர்கள் அவற்றை அணிந்து நடந்ததையும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் விவரித்திருக்கிறார். எந்த அகராதியையும்விட அந்தப் பகுதிதான் மையோரேஸ் என்ற சொல்லை எனக்குப் புரியவைத்தது. தெருவில் தாத்தாக்களும் முப்பாட்டன்களும் நடந்து வருகிறார்கள், பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞன் அவர்கள் எல்லோரையும்விடச் சிறியவன். வருங்காலத் தலைமுறைக்கு லத்தீனில் மினோரேஸ் என்றும் ஒரு சொல் இருக்கிறது.

தமிழுக்குள் வந்து சேர்ந்தவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோமானியச் சட்டத்தில் 25 வயது நிரம்பாதவன் மினோர். ‘25 வயதைவிடக் குறைந்தவன்’ என்பது அதன் முழு வடிவம். அந்தச் சொல் ஆங்கிலேயர் சட்டம் வழியாக நம் நீதிமன்றங்களுக்கு வந்து மைனர் ஆனது. அதன் எதிர்ச்சொல் மேஜர். 1875ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எல்லையை 18 வயது என்று வைத்தது. ஆனால் நம் ஊரில் மைனர் என்ற சொல் அதோடு நிற்கவில்லை. பணக்கார வீட்டில் பிறந்து, கழுத்தில் சங்கிலி தொங்க ஊரைச் சுற்றி வரும் இளைஞனுக்கும் அந்தப் பெயர் வந்து, அவன் போட்டிருந்த நகைக்கு மைனர் செயின் என்றும் ஆகிவிட்டது. மையோர் பிரெஞ்சில் மேர் ஆகி, ஆங்கிலத்தில் மேயர் ஆகி, 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது கப்பலேறி இங்கே வந்தது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். மையோரோடு ஒரே வேரில் பிறந்த மாகிஸ் என்ற சொல்லுக்கு ‘அதிகமாக’ என்று பொருள். அதிலிருந்து மாகிஸ்தெர், மேலே நிற்பவர். ‘குறைவாக’ என்று பொருள்படும் மினுஸிலிருந்து மினிஸ்தெர், கீழே நின்று பணி செய்பவர். இன்றைய மினிஸ்டர்களின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். மாகிஸ்தெர் போர்ச்சுகீசிய மொழியில் மெஸ்த்ரே ஆகி, நம் கரையில் இறங்கி மேஸ்திரி ஆனார்.

பேச்சு லத்தீனில் அந்த விகுதி மெல்ல வழக்கொழிந்தது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் மாகிஸை முன்னால் போட்டு ஒப்பிட ஆரம்பித்தார்கள், பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் ப்ளுஸ் என்ற இன்னொரு சொல்லைப் போட்டார்கள். ஆனால் வாயில் தேய்ந்து பழகிய நாலைந்து சொற்கள் மட்டும் விகுதியோடு தப்பிப் பிழைத்தன. அவற்றில் மையோரும் ஒன்று. ஸ்பெயினுக்குக் கிழக்கே இருக்கும் மயோர்கா, மெனோர்கா என்ற தீவுகள் ‘பெரியது’, ‘சிறியது’ என்று ஒன்றையொன்று அளந்துகொண்டு இன்றும் கடலில் கிடக்கின்றன. ஸ்பானிய மொழியில் அண்ணனுக்கு ‘எர்மானோ மயோர்’. 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட ரோம் தேவாலயத்தின் பெயர் சாந்தா மரியா மஜ்ஜோரே. மரியாளின் பெயரில் ரோமில் எத்தனையோ ஆலயங்கள் இருக்க, அவற்றுள் பெரியது என்று பொருள். இரண்டுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்ற பழைய கண்டிப்பு அங்கே காணாமல் போயிருக்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த இடங்களுக்கு வருகிறேன். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் முதல் முல்லைப் பாட்டு. (முல்லை என்பது என் சொல். ஆடு மேய்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் பாடல்களுக்கு நம்மிடம் இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.) உள்நாட்டுப் போருக்குப் பிறகு, போரிட்ட சிப்பாய்களுக்குக் கொடுக்கவென்று இத்தாலிய விவசாயிகளின் நிலங்கள் பறிக்கப்பட்ட காலம். நிலம் பறிபோன மெலிபியுஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். நிலம் தப்பிய தித்திருஸ் மரநிழலில் படுத்திருக்கிறான். இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் தித்திருஸ், ‘இன்றைக்கு இரவாவது என்னோடு தங்கிவிட்டுப் போ, பழமும் பாற்கட்டியும் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, தூரத்தில் வீடுகளின் உச்சியில் புகை எழுவதையும் மலைகளிலிருந்து நிழல்கள் விழுவதையும் காட்டுகிறான். அந்த நிழல்களுக்கு வர்ஜில் போட்ட அடைமொழி மையோரேஸ். இன்னும் பெரிய நிழல்கள். எதைவிட? பாட்டில் சொல்லவில்லை. சற்று முன்பு இருந்த நிழல்களைவிட என்று நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘பெரிய நிழல்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் மாலை நேரம் தெரிந்திருக்கும். மையோரேஸ் என்று எழுதியதால் பொழுது நம் கண்முன் நகர்கிறது. பேச்சு ஆரம்பித்தபோது நிழல் சிறியதாக இருந்தது, இவர்கள் பேசப் பேச வளர்ந்துவிட்டது, இனி அவன் கிளம்ப நேரமில்லை. இவ்வளவையும் ஒரு விகுதி சொல்லிவிடுகிறது. லத்தீன் கவிதையில் இதற்கு இணையான சிக்கனத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒப்பிடும் பொருள் இல்லாத மையோருக்கு ‘அளவுக்கு மீறிப் பெரிய’ என்றும் பொருள் வரும். இது எல்லா ஒப்புமைப் பெயரடைகளுக்கும் உள்ள குணம். சேனியோர் என்றால் ‘இன்னும் வயதானவர்’ மட்டுமில்லை, ‘கொஞ்சம் வயதானவர்’ என்றும் ஆகும். இதிலிருந்து லத்தீனுக்கே உரிய ஒரு வாக்கிய அமைப்பு பிறந்தது. அதன் உச்சம் இன்னொரு ரோமானியக் கவிஞரான ஓவிடின் நியோபே. தீப்ஸ் நகரத்து அரசி அவள். ஏழு மகன்கள், ஏழு மகள்கள். ஊர்ப் பெண்கள் லத்தோனா தேவிக்குப் பூசை செய்வதைப் பார்த்து, ‘அவளுக்கு இரண்டே பிள்ளைகள், எனக்கு அதைப்போல ஏழு மடங்கு, என்னைக் கும்பிடாமல் அவளையா கும்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கிறாள். அப்புறம் இந்த வாக்கியம்: ‘மையோர் ஸும் க்வாம் குயி போஸ்ஸித் ஃபோர்தூனா நொகேரே.’ சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘விதி யாருக்குத் தீங்கு செய்யக் கூடுமோ அவளைவிட நான் பெரியவள்.’ அதாவது விதி கைவைக்க முடியாத அளவுக்குப் பெரியவள்.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். அவள் தன்னை இன்னொரு பெண்ணோடு ஒப்பிடவில்லை. தீங்கு தொடக்கூடியவர்கள் என்று ஒரு கூட்டத்தை மனதில் வைத்து, அதற்கு வெளியே போய் நிற்கிறாள். அடுத்த வரியிலும் ஒரு ஒப்புமைச் சொல் வருகிறது: விதி எவ்வளவு பறித்தாலும் அதைவிட அதிகமாகவே எனக்கு மிஞ்சும் என்கிறாள். லத்தோனாவின் அந்த இரண்டே பிள்ளைகள், அப்போலோவும் டயானாவும், வந்து பதினான்கு பேரையும் அம்பெய்து கொல்கிறார்கள். நியோபே கல்லாகிறாள், கல்லிலிருந்து கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. மாக்ஸிமா என்று அவள் சொல்லியிருந்தால் அது வெறும் தற்பெருமையாக இருந்திருக்கும். மையோர் என்று சொன்னதால் அங்கே ஒரு வேலி போடப்பட்டது. கதை முழுவதும் அந்த வேலி பிடுங்கப்படுகிற கதைதான்.

கிறிஸ்தவ லத்தீனில் இதே சொல் வேறொரு பாரத்தைச் சுமக்க நேர்ந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றையும் சொல்லி, இவற்றில் பெரியது அன்பு என்கிறார். கிரேக்க மூலத்தில் இருப்பது ஒப்புமை வடிவம். லத்தீன் விவிலியமும் அதை அப்படியே மையோர் என்று போட்டுவிட்டது. மூன்று பொருள்களுக்குள் என்றால் மாக்ஸிமா வர வேண்டும் என்று சிசரோ காலத்து ஆசிரியர் பிரம்பை எடுத்திருப்பார். ஆங்கிலத்தில் ‘மிகப் பெரியது’ என்று மாற்றிக்கொண்டார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘இவைகளில் அன்பே பெரியது’ என்று இருக்கிறது. ஏகாரம் ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு இதுதான் மற்ற இரண்டையும்விட நெருக்கமாகப் படுகிறது.

யோவான் நற்செய்தியில் இயேசு, பிதா ‘என்னிலும் பெரியவர்’ என்று சொல்லும் இடம் இன்னும் கடினமானது. லத்தீனில் ‘பாதெர் மையோர் மே எஸ்த்’, ஐந்தாம் வேற்றுமைக் கட்டு. மகன் தந்தைக்குச் சமமில்லை என்று வாதாடிய ஆரியுஸ் கட்சியினருக்கு இந்த வசனம் முக்கியமான ஆயுதம். கி.பி. 325இல் நிகேயா சங்கம் கூடி ஆரியுஸை மறுத்த பிறகும் இந்த ஒப்புமைச் சொல்லை என்ன செய்வது என்ற கேள்வி ஓயவில்லை. மகனின் மனித இயல்பைப் பார்த்தால்தான் பிதா பெரியவர், தெய்வ இயல்பில் இருவரும் சமம் என்று விளக்கினார்கள். அத்தனாசியுஸ் பெயரில் வழங்கும் விசுவாச அறிக்கை, திரித்துவத்தில் ‘நிஹில் மையுஸ் ஆவ்த் மினுஸ்’, பெரியதும் இல்லை சிறியதும் இல்லை, என்று பூட்டுப் போட்டது. ஒரு விகுதிக்காக இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விகுதி இல்லாவிட்டால் அந்த வாக்கியம் எதையும் சொல்லாது என்பதுதான் என் பதில்.

நான் படித்தது இயேசு சபையினர் நடத்திய பள்ளி. விடைத்தாளின் தலையில் ஏ.எம்.டி.ஜி. என்று எழுதும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ‘ஆத் மையோரெம் தேயி க்ளோரியாம்’ என்பதன் சுருக்கம் அது. 1540இல் போப்பின் ஒப்புதல் பெற்ற சபை. தெ நொபிலியும் வீரமாமுனிவரும் அதைச் சேர்ந்தவர்கள்தான். தமிழில் இதை ‘இறைவனின் அதிமிக மகிமைக்கு’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மாக்ஸிமாம் இல்லை, மையோரெம்தான் இருக்கிறது: ‘இன்னும் அதிக மகிமைக்கு’. எதைவிட அதிகம்? சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலை வாசித்த பிறகு எனக்கு இதற்கு விடை கிடைத்தது. அவர் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை. முன்னால் இரண்டு நல்ல வழிகள் இருக்கும்போது எது அதிகம் உதவுமோ அதை எடு என்கிறார். ஆகவே ஒப்பிடும் பொருள் ஒவ்வொரு முறையும் மாறும். இன்றைக்கு உன் முன்னால் இருக்கும் மற்ற வழியைவிட. ‘மிக அதிக’ என்று ஒருமுறை எட்டிவிட்டால் அங்கே உட்கார்ந்துவிடலாம். ‘இன்னும் அதிக’ என்பதில் உட்கார இடம் கிடையாது.

இந்தச் சொல்லை யாரையும்விட ஆழமாகத் தோண்டியவர் அன்செல்ம். 1033இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து அவோஸ்தா நகரில் பிறந்து, நார்மண்டியில் பெக் என்ற மடத்தில் துறவியாகி, பிற்பாடு கேன்டர்பரிக்குப் பேராயராகப் போனவர். 1077–78இல், மடத்தில் இருக்கும்போதே, புரொஸ்லோகியோன் என்ற சின்ன நூலை எழுதினார். இறைவன் இருக்கிறார் என்று காட்ட, வேறெதையும் துணைக்கு அழைக்காத ஒரே ஒரு வாதம் கிடைக்காதா என்று தேடியதையும், கிடைக்காமல் விட்டுவிட நினைத்தபோது அந்த எண்ணமே தன்னை விடாமல் துரத்தியதையும் முன்னுரையில் எழுதுகிறார். கடைசியில் அது வந்தது. மெழுகுப் பலகையில் எழுதிக் கொடுத்துவைத்தார், பலகை காணாமல் போனது. மறுபடி எழுதினார், அந்தப் பலகை உடைந்து தரையில் சிதறிக் கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இனி தோல்தாளில் எழுதுங்கள் என்று சொன்னார். அவரோடு இருந்த ஈட்மர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது.

அந்த வாக்கியம், இறைவனை நோக்கிச் சொல்வதாக: நீர் ‘க்வோ நிஹில் மையுஸ் கோகிதாரி போஸ்ஸித்’ என்று நம்புகிறோம். எதனினும் பெரியதாக எதையும் நினைக்க முடியாதோ, அது நீர். அப்படி ஒன்று என் எண்ணத்தில் மட்டும் இருந்தால், அது நிஜத்திலும் இருப்பதாக நினைத்துப் பார்க்கலாம். அது இன்னும் பெரியது. அப்படியானால் ‘எதனினும் பெரியதை நினைக்க முடியாதோ அது’ என்று சொன்னதைவிடப் பெரியதை நினைத்துவிட்டோம். முரண். ஆகவே அது நிஜத்திலும் இருக்கிறது. ஏறக்குறைய இதே சொற்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியத் தத்துவவாதி செனகா இறைவனின் பெருமையைச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார். ‘அறத்தினூஉங்கு ஆக்கமும் இல்லை’ என்ற குறளின் அமைப்பும் இந்த மாதிரிதான்: உச்சத்தை நேராகச் சொல்லாமல், அதைத் தாண்டியது இல்லை என்று சொல்வது. ஆனால் அந்த அமைப்பிலிருந்து ஒரு நிரூபணத்தைக் கறந்தவர் அன்செல்ம்தான்.

பிரான்சின் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மர்மூத்தியே மடத்தில் இருந்த கௌனிலோ என்ற துறவி உடனே மறுப்பு எழுதினார். எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த ஒரு தொலைந்த தீவை நினைத்துக்கொள்கிறேன், அதனால் அது இருக்கிறது என்று ஆகிவிடுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. எல்லாப் பாடநூல்களிலும் இந்தத் தீவு உண்டு. என்னைக் கட்டிப்போட்டது தீவைவிட வேறொன்று. அன்செல்மின் வாதத்தைச் சொல்லும்போது கௌனிலோ ‘மையுஸ் ஓம்னிபுஸ்’ என்று எழுதிவிடுகிறார். ‘எல்லாவற்றையும்விடப் பெரியது’. நான் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை, இரண்டுக்கும் வாதத்தில் ஒரே வலு கிடையாது என்று அன்செல்ம் பதில் எழுதுகிறார். இதைக் கௌரவப் பிரச்சினையாக நினைத்து அவர் சொல்லவில்லை. ‘எல்லாவற்றையும்விட’ என்றால், இருப்பவற்றை வரிசையில் நிறுத்தி எண்ணியாகிவிட்டது, இது கடைசியில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த வரிசைக்கு வெளியே இன்னும் பெரிய ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கலாம். மையோர் வேடத்தில் மாக்ஸிமுஸ் வந்து நிற்கிறது. அன்செல்ம் போட்ட வாக்கியம் இருப்பவற்றை எண்ணவில்லை. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று நினைப்பு தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும் செயலை எடுத்துக்கொண்டு, அந்தச் செயல் எங்கே முடியாமல் போகிறதோ அந்த இடத்தைக் காட்டுகிறது. அதற்கு மாக்ஸிமுஸ் பயன்படாது. ஒப்புமை வடிவமும் அதன் மறுப்பும் வேண்டும்.

கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் இனி நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று அன்செல்ம் கேட்டுக்கொண்டார். எதிர்ப்பவரின் எழுத்தைத் தன் நூலின் பகுதியாக வைத்துக்கொண்ட அந்த மனதை நான் மிகவும் மதிக்கிறேன். வாதம் நிரூபணமாக நிற்குமா என்றால், 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸே அதை ஏற்கவில்லை. 1781இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், இருத்தல் என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றாகச் சேராது என்று சொல்லி அதன் வேரையே பிடித்தார். காண்ட் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனாலும் அந்த நூலை எடுக்கும்போதெல்லாம் பலரும் படிக்கும் இரண்டாம் அதிகாரத்தோடு நிற்காமல் 15ஆம் அதிகாரத்துக்கும் போய்விடுகிறேன்.

அது சில வரிகளே உள்ள அதிகாரம். இறைவனிடம் சொல்கிறார்: எதனினும் பெரியதை நினைக்க முடியாதோ அது மட்டுமல்ல நீர், ‘மையுஸ் க்வாம் கோகிதாரி போஸ்ஸித்’, நினைக்க முடிவதைவிடப் பெரிய ஒன்று நீர். முதல் வாக்கியத்தில் நினைப்பு ஓர் எல்லையைத் தொட்டு நின்றது. இங்கே எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மையுஸ், க்வாம், போஸ்ஸித். நியோபே பேசியதும் இதே அமைப்பில்தான். அவள் சொன்னது ‘ஸும்’, இருக்கிறேன். அன்செல்ம் சொல்வது ‘எஸ்’, இருக்கிறீர். இப்படி நினைப்புக்கு மிஞ்சிய ஒன்று இருப்பதாக நினைக்க முடிகிறது, நீர் அதுவாக இல்லாவிட்டால் ‘மையுஸ் தே’, உம்மிலும் பெரிய ஒன்றை நினைக்க முடியும் என்று ஆகிவிடும் என்று தொடர்கிறார். முதலில் க்வாம் போட்ட ஒப்பீடு, இப்போது உருபு மட்டும் போட்ட ஒப்பீடு. இலக்கணப் புத்தகம் சொல்லும் இரண்டு வழிகளும் இரண்டே வாக்கியங்களுக்குள் வந்துவிட்டன. அப்படி ஆக வழியில்லை என்று எழுதி அதிகாரத்தை முடித்துவிடுகிறார்.